இரண்டு மாத நாய்க்குட்டி வீட்டுக்கு வந்தால்: 16-வது வாரம் வரை முழுமையான வழிகாட்டி

குட்டி வளர்ப்பில் இரண்டு கெடுக்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. பிறந்து 3 வாரம் முதல் ஏறக்குறைய 14 வாரம் வரை, பார்ப்பதையும் கேட்பதையும் குட்டி எளிதில் ஏற்றுக்கொள்ளும். அதற்குப் பிறகு முதன்முதலாகப் பார்க்கும் எதுவும் அதற்குப் பயம்தான். அந்தப் பயம் வளர்ந்தபின் குரைப்பாகவும் கடியாகவும் வெளியே வரும். மறுபக்கம், தடுப்பூசி வரிசை முடிய 16 வாரம் ஆகிறது. அதுவரை தெரு மண்ணில் கால் வைத்தால் பார்வோ (குட்டிகளின் உயிரைப் பறிக்கும் வைரஸ் கழிச்சல் நோய்) தொற்றிக்கொள்ளலாம். தடுப்பூசி முடியட்டும் என்று வீட்டுக்குள்ளேயே அடைத்தால் முதல் கெடு கைவிட்டுப் போகும். பழகட்டும் என்று தெருவில் இறக்கிவிட்டால் குட்டியே கைவிட்டுப் போகலாம். கீழே சொல்லப்படுபவை இந்த இரண்டையும் ஒருசேரச் சமாளிப்பதற்கான வழிகள்.

எந்த வயதில் எடுப்பது

8 வாரம் முடிந்த பிறகு. "சின்னதிலேயே எடுத்தால்தான் நம்மோடு ஒட்டும்" என்று 30 நாள் குட்டியைக் கையில் கொடுப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நாய் இனப்பெருக்கம், விற்பனைக்கான 2017-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளின்படி 8 வாரத்துக்கு உட்பட்ட குட்டியை விற்பதே தவறு. சட்டத்தை விட்டுத் தள்ளினாலும் காரணம் வலுவானது. எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்பதைக் குட்டி கற்றுக்கொள்வது கூடப்பிறந்த குட்டிகளோடு விளையாடும் அந்தக் கடைசி வாரங்களில்தான். முன்கூட்டியே பிரித்துக் கொண்டுவந்தால் அந்தப் பாடத்தை உங்கள் வீட்டுக் குழந்தைகளின் கையில் படிக்கும்.

எடுக்கும் இடத்தில் தாயைப் பார்க்கக் கேளுங்கள். தாய் ஆட்களைக் கண்டு பதுங்கினாலோ பாய்ந்தாலோ குட்டிக்கும் அந்தச் சுபாவம் வரும் வாய்ப்பு உண்டு. உடம்பு மெலிந்து வயிறு மட்டும் பானையாக உப்பியிருந்தால் அது கொழுப்பு இல்லை, குடற்புழு. கண்ணில் பீளை, மூக்கில் சளி, வாலடியில் காய்ந்த கழிச்சல் இருந்தால் அந்த ஈற்றில் எந்தக் குட்டியையும் எடுக்க வேண்டாம். ராஜபாளையம் குட்டி என்றால் கூடுதலாக ஒரு சோதனை தேவை. முழு வெள்ளை நிற நாய்களில் பிறவிச் செவிடு அதிகம். குட்டி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது, காற்றோ அதிர்வோ படாத தூரத்தில் நின்று சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காது அசைய வேண்டும், தலை திரும்ப வேண்டும்.

வீட்டில் எல்லோரும் காலை 9 மணிக்குக் கிளம்பி இரவு 7 மணிக்குத் திரும்புபவர்கள் என்றால் குட்டி வேண்டாம். ஒன்றரை, இரண்டு வயது நாயைத் தத்தெடுங்கள். இதில் சமரசம் கிடையாது.

குட்டி வருவதற்கு முன்

தரையில் உட்கார்ந்து, குட்டியின் கண் உயரத்தில் வீட்டைப் பாருங்கள். எட்டும் ஒயர், செருப்பு, எலி மருந்து, அந்துருண்டை, கொசுவர்த்திச் சுருள், மாத்திரைப் பட்டை எல்லாம் மேலே போக வேண்டும். எலி கேக் வைத்த வீடானால் பீரோ அடியில், பரண் மேல், எல்லா இடத்திலும் தேடி எடுத்துவிடுங்கள். பால்கனிக் கம்பிகளுக்கு இடையே தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். வலை கட்டுங்கள். வழுவழுப்பான டைல்ஸ் தரையில் குட்டியின் பின்னங்கால்கள் விரிந்து வழுக்கும். அது ஓடி விளையாடும் இடத்திலாவது ரப்பர் விரிப்பு வேண்டும்.

வாங்க வேண்டியது அதிகமில்லை. கவிழாத கனமான தண்ணீர்க் கிண்ணம், சாப்பாட்டுக் கிண்ணம், லேசான ஹார்னஸ் (கழுத்துக்குப் பதில் மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை), 2 மீட்டர் கயிறு, கடிக்க ரப்பர் பொம்மை இரண்டு, மலிவான தெர்மாமீட்டர் ஒன்று. மெத்தை என்று கடையில் விற்பதைக் குட்டி பஞ்சு பஞ்சாகப் பிய்த்துவிடும். நான்காக மடித்த பழைய பருத்திப் புடவை போதும்.

பொருளைவிட முக்கியம், வீட்டில் எல்லோரும் கூடி ஒரே பேச்சாக முடிவெடுப்பது. சோபாவில் ஏறலாமா? படுக்கையறைக்குள் வரலாமா? கூப்பிடும் சொல் "வா"வா, "கம்"மா? அப்பா விரட்ட, மகள் மடியில் தூக்கி வைக்க, பாட்டி யாருக்கும் தெரியாமல் பிஸ்கட் போட்டால் குட்டிக்கு எந்த விதியும் புரியாது. (பாட்டியை நிறுத்த முடியாது. பிஸ்கட்டுக்குப் பதிலாக அன்றைய அளவிலிருந்தே ஒரு கைப்பிடி தீனியை டப்பாவில் போட்டு அவரிடம் கொடுத்துவிடுங்கள்.)

முதல் நாளும் முதல் இரவும்

காலையில் கொண்டு வாருங்கள். இருட்டுவதற்குள் வீட்டை மோந்து பழக நேரம் கிடைக்கும். பயணத்துக்கு 2 மணி நேரம் முன்பிருந்து உணவு வேண்டாம், வாந்தி எடுக்கும். தாயின் வாசம் பட்ட துணி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வாசலுக்கு வந்ததும் நேராக உள்ளே போகாமல், கழிப்பதற்கென்று ஒதுக்கிய இடத்தில் இறக்குங்கள். ஒன்றுக்குப் போனதும் பாராட்டிவிட்டு உள்ளே அழைத்துச் செல்லுங்கள். சொந்தக்காரர்கள், பக்கத்து வீட்டார் படையெடுப்பை 3 நாள் தள்ளிப் போடுங்கள்.

இரவில் குட்டி அழும். பிறந்ததிலிருந்து சூடான உடம்புகளுக்கு நடுவே தூங்கியது அது. சமையலறையிலோ பால்கனியிலோ அடைத்து, "அழுது ஓயட்டும்" என்று விடுவது பலனளிப்பதில்லை. பல குட்டிகளுக்குத் தனிமைப் பயம் அந்த இரவில்தான் தொடங்குகிறது. பெரிய அட்டைப்பெட்டியிலோ கூண்டிலோ தாயின் வாசமுள்ள துணியைப் போட்டு, யாராவது ஒருவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வையுங்கள். முனகினால் கையைத் தொங்கவிட்டால் போதும். இரவில் ஒன்றிரண்டு முறை கழிக்கத் தூக்கிப் போக வேண்டியிருக்கும். பேச்சு, விளையாட்டு, விளக்கு எதுவும் வேண்டாம். போ, முடி, திரும்பிப் படு. ஒரு வாரம் கழித்து, தினம் ஓரடி வீதம் பெட்டியை நகர்த்தி நிரந்தர இடத்துக்குக் கொண்டுபோகலாம்.

சாப்பாடு

முதல் 4 நாள், பழைய இடத்தில் என்ன சாப்பிட்டதோ அதையே கொடுங்கள். பிறகு 7 நாளில் மாற்றுங்கள்: முதல் இரண்டு நாள் கால் பங்கு புதியது, அடுத்த இரண்டு நாள் பாதி, அடுத்த இரண்டு நாள் முக்கால், ஏழாம் நாள் முழுவதும். ஒரே நாளில் மாற்றினால் கழிச்சல் உறுதி. அது உணவு மாற்றத்தால் வந்ததா, பார்வோவா என்று தெரியாமல் நீங்கள் திண்டாடுவீர்கள்.

3 மாதம் வரை நாளுக்கு 4 வேளை, 6 மாதம் வரை 3 வேளை, பிறகு 2 வேளை. 3 கிலோ எடையுள்ள இரண்டு மாதக் குட்டிக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 480 கலோரி வேண்டும். கடையில் விற்கும் குட்டிகளுக்கான உலர் தீனியில் அது சுமார் 130 கிராம். வேளைக்கு 30 கிராம் சொச்சம் வரும். வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்து ஆறியபின் கொடுங்கள். வாரம் ஒருமுறை எடை பார்த்து அளவைக் கூட்டுங்கள். விலாவைத் தடவினால் எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், ஆனால் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. சிப்பிப்பாறை, கன்னி போன்ற வேட்டை இனங்கள் மட்டும் விதிவிலக்கு. அவற்றுக்கு விலா லேசாகத் தெரிவதே இயல்பு. இளைத்துவிட்டது என்று திணிக்காதீர்கள்.

வீட்டுச் சாப்பாடுதான் என்றால் வெறும் பால்சோறு, தயிர்சோறு போதாது. "எங்கள் வீட்டு நாய் தயிர்சாதத்திலேயே 12 வருஷம் இருந்தது" என்பார்கள். இருக்கும். வளரும் குட்டிக்குத் தேவையான புரதமும் சுண்ணாம்புச் சத்தும் அதில் இல்லை என்பதும் உண்மை. வேகவைத்த கோழிக்கறியும் முட்டையும் பாதிக்கு மேல், மீதி சோறு, கொஞ்சம் பூசணியோ கேரட்டோ, உப்பு காரம் இல்லாமல். இதிலும் ஒரு பொறி இருக்கிறது. கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. வெறும் கறியும் சோறுமாக வளரும் குட்டியின் உடல், எலும்பிலிருந்தே கால்சியத்தை உருவி எடுக்கும். கால் வளையும், தாண்டிக் குதித்தாலே எலும்பு முறியும். ஆகவே கால்சியம் எவ்வளவு சேர்ப்பது என்று எடையைச் சொல்லி மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முழுக்கக் கடைத் தீனி கொடுப்பவர்கள் அதற்கு மேல் கால்சியம் டானிக் ஊற்றக் கூடாது. பெரிய இனக் குட்டிகளுக்கு மிகையான கால்சியமும் எலும்பைக் கெடுக்கும். சைவக் குடும்பங்களுக்குச் சிக்கலில்லாத வழி, குட்டிகளுக்கான முழுமையான கடைத் தீனிதான்.

பசும்பால் பல குட்டிகளுக்குச் செரிக்காது, கழியும். தயிர் பரவாயில்லை. திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட், வெங்காயம், பூண்டு, சைலிட்டால் (சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இனிப்பு) கலந்த சூயிங்கம் ஆகியவை விஷம். பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சையும் பிரியாணியின் வெங்காயமும் இதில் சேர்த்தி. வெந்த கோழி எலும்பு ஊசியாகச் சிதறிக் குடலைக் குத்தும்.

கழிப்பிடப் பழக்கம்

இரண்டு மாதக் குட்டியால் விழித்திருக்கும்போது அதிகபட்சம் 2 மணி நேரம் அடக்க முடியும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு 10 முதல் 15 நிமிடத்திலும், விளையாடி முடித்ததும், படுக்கும் முன்பும் தூக்கிக்கொண்டு போங்கள். தரையை மோந்தபடி வட்டமடித்தால் அதற்கு மேல் நேரமில்லை. எப்போதும் ஒரே இடம், ஒரே சொல். முடித்த இரண்டு நொடிக்குள் அங்கேயே ஒரு துண்டு தீனி. உள்ளே வந்தபின் கொடுத்தால், உள்ளே வந்ததற்குக் கிடைத்த பரிசு என்று நினைத்துக்கொள்ளும்.

தனி வீடானால், பிற நாய்கள் நுழையாத கொல்லையோ தோட்டமோ போதும். அடுக்குமாடியில் பால்கனியில் ஒரு தட்டும், அதில் செயற்கைப் புல்லோ செய்தித்தாளோ வையுங்கள். தாளில் பழகிய குட்டி தரையில் கிடக்கும் எல்லாத் தாளையும் கழிப்பிடமாகத்தான் பார்க்கும். நாளிதழைத் தரையில் விரித்துப் படிக்கும் தாத்தாவை முன்கூட்டியே எச்சரித்துவிடுங்கள்.

கண்ட இடத்தில் போய்விட்டால் மூக்கைத் தேய்ப்பதும் அடிப்பதும் வேலைக்கு ஆகாது. உங்கள் கண்ணெதிரில் போவது ஆபத்து என்று மட்டுமே அது கற்றுக்கொண்டு, அடுத்த முறை கட்டிலுக்கு அடியில் போகும். பாதியில் கண்டால் தூக்கி உரிய இடத்தில் விடுங்கள். முடிந்தபின் கண்டால் பேசாமல் துடையுங்கள். துணியால் ஒற்றியெடுத்து, சோப்புத்தூள் தண்ணீரில் கழுவி, என்சைம் கலந்த செல்லப்பிராணி கிளீனர் தெளிக்க வேண்டும். பினாயில் உங்கள் மூக்கைத்தான் ஏமாற்றும். அடியில் இருக்கும் மூத்திர வாசம் குட்டிக்குத் தெரியும், அதே இடத்துக்குத் திரும்பும். அதோடு, ஈரமான பினாயில் தரையில் நடந்த பாதத்தை நக்கினால் வாயும் வயிறும் புண்ணாகும்.

ஓரளவு பழகிய குட்டி திடீரென்று மறுபடி எங்கும் போகத் தொடங்கினால், அரைமணிக்கு ஒருதரம் சொட்டுச் சொட்டாகப் போகிறதா என்று கவனியுங்கள். அப்படிப் போனால் அது சிறுநீர்ப்பாதைத் தொற்றாக இருக்கலாம். பயிற்சியில் குறை தேட வேண்டாம்.

ஊசியும் பூச்சி மருந்தும்

முதல் ஊசி 6 முதல் 8 வாரத்துக்குள். டிஸ்டம்பர் (நாய்களைத் தாக்கும் கொடிய வைரஸ் நோய்), பார்வோ, ஈரல் அழற்சி ஆகியவற்றுக்கானது. பின் 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை, கடைசி ஊசி 16 வாரமோ அதற்குச் சற்றுப் பின்னரோ விழ வேண்டும். "இரண்டு போட்டாச்சு, போதும்" என்று 12 வாரத்தில் நிறுத்துவதுதான் பரவலாக நடக்கும் தவறு. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி, ஊசி மருந்தையும் எதிரியாக நினைத்து அழித்துவிடும். அது எந்த வாரத்தில் வடியும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள்.

வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி 12 வாரம் நிறைந்ததும். மழைக்காலமும் எலியும் உள்ள ஊரில் லெப்டோ (எலி மூத்திரத்தால் பரவும் காய்ச்சல்) ஊசியும் அவசியம், இரண்டு தவணை. ஒவ்வொரு ஊசிக்கும் மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரைக் கையேட்டில் ஒட்டி வாங்குங்கள். ஊசி மருந்து 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டியது. மருந்துக்கடையில் வாங்கிப் பையில் வைத்து ஊர் சுற்றிவிட்டுப் போடும் ஊசியை நம்ப முடியாது. போட்டபின் அரைமணி நேரம் மருத்துவமனையிலேயே காத்திருங்கள். முகம் வீங்கினால், வாந்தி எடுத்தால் அங்கேயே ஒவ்வாமையை அடக்கும் ஊசி கிடைக்கும். அன்று முழுக்கச் சோர்ந்து படுத்திருப்பது இயல்புதான். காய்ச்சல் என்று பாரசிட்டமாலோ இபுபுரூஃபனோ கொடுத்துவிடாதீர்கள், ஈரலும் சிறுநீரகமும் பாழாகும்.

உருண்டைப்புழு கருவிலேயே தாயிடமிருந்து வந்துவிடும். ஆகவே சுத்தமாகத் தெரியும் குட்டிக்கும் மருந்து உண்டு: 3 மாதம் வரை இரு வாரத்துக்கு ஒருமுறை, 6 மாதம் வரை மாதம் ஒருமுறை, பிறகு 3 மாதத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு முறையும் அன்றைய எடைக்கு அளவு. மருந்துக்கு மறுநாள் மலத்தில் சேமியா போல வெள்ளைப் புழுக்கள் வந்தால் பதறாதீர்கள். இந்தப் புழுவின் முட்டை குழந்தைகள் வயிற்றுக்குள்ளும் போகும். மலத்தை உடனுக்குடன் அள்ளுவதும், குட்டியைத் தொட்டபின் கை கழுவுவதும் அதற்காகத்தான்.

உண்ணிக்குத் தினமும் காது மடிப்பு, விரலிடுக்கு, கழுத்து, அக்குள் பாருங்கள். இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் தடவுவது, தீக்குச்சியால் சுடுவது கூடாது. வயிறு நிறைந்த பெண் உண்ணி நாயை விட்டிறங்கி, சுவர் விரிசலில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். எனவே நாய்க்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை, விரிசலைப் பூசி அடைக்க வேண்டும். மருந்து குட்டியின் வயதுக்கும் எடைக்கும் உரியதாக இருக்கட்டும். பெரிய நாயின் மருந்தைப் பாதியாக்கிப் போடும் வழக்கம் ஆபத்தானது.

குளியல் 3, 4 வாரத்துக்கு ஒருமுறை, வெதுவெதுப்பான நீரில், நாய் ஷாம்பூ போட்டு. காது ஈரமில்லாமல் துடைத்துவிடுங்கள்.

வெளியே விடாமல் வெளியுலகைக் காட்டுவது

பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில், சில இடங்களில் ஒரு வருடம் வரைகூட உயிரோடிருக்கும். செருப்போடு வீட்டுக்குள்ளும் வரும். செருப்பை வாசலிலேயே விடும் நம் வழக்கம் இங்கே பெரிய பாதுகாப்பு. விருந்தாளிக்கும் விலக்கு வேண்டாம்.

முதல் ஊசி போட்டு ஒரு வாரம் ஆனதும், தினமும் 10 நிமிடம் குட்டியைக் கையிலோ தோள்பையிலோ தூக்கிக்கொண்டு வெளியே போங்கள். கால் தரையில் படக் கூடாது, அவ்வளவுதான். பேருந்து நிறுத்தம், காய்கறிச் சந்தை, பள்ளி விடும் நேரத்து வாசல், கோயில் மேளம் கேட்கும் தூரம். ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், கைத்தடியோடு நடக்கும் பெரியவர், தவழும் குழந்தை, பாட்டு போட்டுக்கொண்டு வரும் குப்பை வண்டி. ஒவ்வொன்றையும் பார்க்கும்போது வாயில் ஒரு துண்டு தீனி. தீனியை வாங்க மறுத்தால் மிக அருகில் போய்விட்டீர்கள் என்று பொருள். பின்வாங்கித் தூரத்திலிருந்து காட்டுங்கள்.

வீட்டுக்குள் மிக்சி, குக்கர் விசில், மோட்டார். பட்டாசுச் சத்தத்தைக் கைபேசியில் மிகக் குறைந்த ஒலியில், சாப்பிடும்போது கேட்கவிட்டு, சில வாரங்களில் மெல்ல மெல்லக் கூட்டுங்கள். தீபாவளியன்று தொடங்கிப் பயனில்லை. தடுப்பூசி சரியாகப் போட்ட, சுபாவம் தெரிந்த நாய் உறவினர் வீட்டில் இருந்தால், அதனோடு விளையாட விடலாம். பூங்காவும் தெருவோரமும் வேண்டாம்.

கடி, குழந்தைகள்

28 பால் பற்களும் ஊசிமுனை. நான்காம் மாதம் விழத் தொடங்கி, ஏழாம் மாதத்துக்குள் 42 பற்கள் வரும். அதுவரை கடிக்கும். பல் தோலில் பட்ட நொடியில் விளையாட்டு நிற்க வேண்டும். எழுந்து முதுகைத் திருப்பி 20 நொடி நில்லுங்கள், பிறகு பொம்மையைக் கொடுங்கள். வீட்டில் ஒருவர் கையாட்டி விளையாடினாலும் மற்றவர்கள் உழைப்பு வீண். ஈரத்துணியை முறுக்கி முடிச்சிட்டு ஃபிரீசரில் வைத்துக் கொடுத்தால் ஈறு நமைச்சல் அடங்கும்.

மாலையில் வெறி பிடித்ததுபோல் ஓடிக் கடித்தால், பெரும்பாலும் தூக்கம் போதாததுதான் காரணம். குட்டி ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் தூங்க வேண்டும். பிள்ளைகள் எழுப்பிக்கொண்டே இருந்தால் இப்படித்தான் முடியும்.

பிள்ளைகளுக்கு மூன்று விதி: தூங்கும்போது தொடாதே, சாப்பிடும்போது கிட்டே போகாதே, துரத்தினால் ஓடாமல் கைகட்டி அசையாமல் நில். பாவாடை நுனி பறந்தால் எந்தக் குட்டியும் பாய்ந்து பிடிக்கும். 7 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையோடு குட்டியைத் தனியே விடாதீர்கள்.

ரத்தம் வந்தாலோ நகம் கீறினாலோ உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வைக்கக் கூடாது. குட்டி தெருவிலிருந்து வந்ததோ, வெறிநோய் ஊசி இன்னும் போடாததோ என்றால் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரசு மருத்துவமனைக்கோ போங்கள். இரண்டு மாதக் குட்டிக்கும் வெறிநோய் இருக்கலாம். "குட்டிதானே, 10 நாள் பார்ப்போம்" என்று ஊசியைத் தள்ளிப்போடுவது உயிரோடு விளையாடுவது. தோலில் போடும் முறையில் 0, 3, 7, 28-ஆம் நாள்களில் ஊசி. ஒன்றையும் விடக் கூடாது.

எப்போது ஓட வேண்டும்

தடுப்பூசி முடியாத குட்டி வாந்தி எடுத்து, உணவை மறுத்து, கழிச்சலும் போனால் நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே இல்லை. ரத்தமும் துர்நாற்றமும் வருமுன்பே போய்ச் சேர வேண்டும். மலத்தில் உடனடிப் பரிசோதனை உண்டு. பார்வோவைக் கொல்லும் மருந்தைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். குளுக்கோஸ் ஏற்றி, வாந்தியை அடக்கி, உடல் தானே போராடும்வரை தாங்கிப் பிடிப்பதே சிகிச்சை. எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

வேறு அடையாளங்கள்: ஈறு வெளுத்திருத்தல், மூக்கில் ரத்தம், காப்பி நிறச் சிறுநீர் (உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம்), ஆசனவாயில் 103.5 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் சூடு. 100.5 முதல் 102.5 வரை நாய்க்கு இயல்பு. எனவே கையால் தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று முடிவு கட்டாதீர்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பலருக்கும் தெரிந்த இடம். மற்ற ஊர்களில், இரவிலும் திறந்திருக்கும் மருத்துவமனை எது என்று குட்டி வருவதற்கு முன்பே விசாரித்து வையுங்கள்.

முன்பு பார்வோவில் ஒரு குட்டியை இழந்த வீடானால், தரையைச் சோப்பால் கழுவி, ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். மண் தரைக்கு இது பயன்படாது. அங்கே ஊசி முடித்த, சற்று வளர்ந்த நாயைத்தான் கொண்டுவர வேண்டும்.

கயிறு, தனிமை, முதல் நடை

சங்கிலியில் கட்டி வளர்க்க வேண்டாம். ஹார்னஸை வீட்டுக்குள்ளேயே சாப்பிடும் நேரத்தில் 5 நிமிடம் போட்டுப் பழக்குங்கள். "வா" என்று கூப்பிட்டு வந்தால் தீனி, பிறகு விளையாடப் போகவிடு. கூப்பிட்டுத் திட்டவோ மருந்து புகட்டவோ செய்தால் அந்தச் சொல் செத்துவிடும். அதற்கு நீங்களே எழுந்து போய்த் தூக்குங்கள்.

முதல் வாரத்திலிருந்தே தனிமையைப் பழக்க வேண்டும். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு நிமிடம், பிறகு ஐந்து, பிறகு பதினைந்து. போகும்போது கொஞ்சி விடைபெறுவதும், திரும்பியதும் ஆர்ப்பாட்டமாக வரவேற்பதும் வேண்டாம்.

கடைசி ஊசி போட்டு 10 நாள் கழித்து முதல் நடை. காலை 6 மணிவாக்கில், 10 நிமிடம். தார்ச்சாலையில் புறங்கையை 7 நொடி வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும். தெரு நாய்கள் எதிரே வந்தால் கயிற்றை இறுக்கி இழுக்காமல், சாலையின் மறுபக்கம் வளைந்து போங்கள். கயிறு விறைத்தால் குட்டியும் விறைக்கும், எதிரே நிற்கும் நாயும் அதைப் பார்க்கும். ஒரு நாள் மிரண்டுவிட்டால் மறுநாள் அதே தெருவுக்கு இழுத்துப் போகாதீர்கள். வேறு தெருவில் தொடங்கி, நான்கைந்து நாள் கழித்துத் தூரத்திலிருந்து மறுபடி காட்டலாம்.